காலுக்கு ஸ்டென்ட் வைக்கப் பழகும் இளம் டாக்டர்களுக்கு

கால் ரத்தக் குழாய் அடைப்புக்குப் பலூன், ஸ்டென்ட் சிகிச்சை செய்யப் பழக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே! கைவேலை சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. கம்பியை எப்படித் திருப்புவது, பலூனை எவ்வளவு ஊதுவது என்பதெல்லாம் சில ஆண்டுகளில் விரலுக்கு வந்துவிடும். எந்தக் காலுக்கு ஸ்டென்ட் வேண்டும், எதற்கு வேண்டாம் என்கிற தெளிவு வரத்தான் நாளாகும். இந்த வேலையில் தலை நரைத்தவன் என்ற உரிமையில் அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்கிறேன். உள்ளே ஒரு உலோகத்தை வைத்துவிட்டு வந்தால், அந்த நோயாளி நடமாடும் காலம் வரை அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

1. இந்தச் சிகிச்சை எதற்காகப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1964 ஜனவரி 16. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரம். 82 வயது மூதாட்டி ஒருவருக்குக் கால்விரல்கள் அழுகிப் போயிருந்தன. காலை எடுத்துவிடலாம் என்று அறுவை மருத்துவர்கள் சொல்ல, அவர் முடியாது என்று மறுத்துவிட்டார். சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர், தொடையின் ரத்தக் குழாயில் இருந்த சுருக்கத்துக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி, அதன்மேல் சிறியதும் அடுத்துப் பெரியதுமாகக் குழல்களை நுழைத்து வழியை அகலமாக்கினார். பாதம் சூடானது, புண் ஆறியது, அந்த அம்மாள் சொந்தக் காலில் நடந்தார். அன்று பலூனும் கிடையாது, ஸ்டென்ட்டும் கிடையாது. ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் ஸ்விட்சர்லாந்தின் சூரிச்சில் 1974-இல் தன் பலூனை முதலில் ஊதியது கால் நோயாளிக்குத்தான். இதயக் குழாய்க்குள் அது 1977-இல்தான் போனது. ஹூலியோ பால்மாஸின் ஸ்டென்ட் 1987-இல் இடுப்புக் குழாயில் ஏறியது. இந்தக் கலை காலில் பிறந்தது. அதுவும் ஒருவரின் காலை வெட்டாமல் காப்பாற்றுவதற்காகப் பிறந்தது. படத்தில் வெள்ளைக் கோடு அழகாகத் தெரிவதற்காகப் பிறக்கவில்லை.

2. முதலில் காலைப் பாருங்கள், பிறகு படத்தைப் பாருங்கள்.

நோயாளி உட்காரும் முன்பே சிடி ஆஞ்சியோவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும் பழக்கம் வேண்டாம். செருப்பையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லுங்கள். தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்னால், உள்கணுக்காலுக்குப் பின்னால், பாதத்தின் மேல் என நான்கு இடத்திலும் நாடி பாருங்கள், இரண்டு காலிலும். விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். சின்னப் புண் அங்கேதான் ஒளிந்திருக்கும். “நடந்தா ஆடுசதை புடிச்சு இழுக்குது, நின்னா விட்டுடுது” என்று ஒருவர் சொன்னால் பாதி நோய் தெரிந்துவிட்டது. நின்றாலும் விடாமல், உட்கார்ந்து முன்னால் குனிந்தால்தான் விடுகிறது என்றால் முதுகுத்தண்டைப் பாருங்கள். பிட்டத்திலும் தொடையிலும் வலித்தால் அடைப்பு வயிற்றுக்குக் கீழே இடுப்புக் குழாயில் இருக்கலாம். ஆடுசதையில் மட்டும் வலித்தால் பெரும்பாலும் தொடைக் குழாயில். படம் எடுக்கும் முன்பே அடைப்பு எங்கே என்று ஊகித்து எழுதிவைக்கிற பழக்கம் உங்களை நல்ல டாக்டராக்கும்.

3. கணுக்கால் அழுத்தத்தை அளவிடுங்கள். சர்க்கரை நோயாளியிடம் அதை முழுதும் நம்பாதீர்கள்.

கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் வருவது ஏபிஐ. 0.9-க்குக் கீழே வந்தால் காலில் அடைப்பு இருக்கிறது. 0.4-க்குக் கீழே போனால் நிலைமை மோசம். இதற்கு ஒரு கை டாப்ளரும் ரத்த அழுத்தப் பட்டையும் போதும். ஆனால் நீண்டநாள் சர்க்கரை நோயாளியின் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். பட்டை எவ்வளவு அழுத்தினாலும் அது அமுங்காது; எண் 1.4-ஐத் தாண்டிவிடும், அல்லது பொய்யாக நல்ல எண் காட்டும். அவருக்குக் கட்டைவிரல் அழுத்தத்தை அளந்து பாருங்கள். அது 30 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் புண் தானாக ஆறும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் ஊரில் வரும் அழுகிய கால்களில் பெரும்பகுதி சர்க்கரைக் கால்கள் என்பதால் இந்தப் பாடம் நமக்கு இரட்டிப்பு முக்கியம்.

4. நடந்தால் மட்டும் வலிக்கிறவரை முதலில் நடக்க வையுங்கள்.

நடக்கும்போது மட்டும் வலி உள்ளவர்களில் கால் போகிற அளவுக்குச் செல்பவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்குப் பெரிய ஆபத்து மாரடைப்பும் பக்கவாதமும்தான். ஆகவே முதல் சிகிச்சை புகையிலையை விடுவது, ஸ்டேட்டின், ஆஸ்பிரின் அல்லது க்ளோபிடோக்ரெல், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது. அடுத்தது நடைப்பயிற்சி: வாரத்துக்கு மூன்று நாளாவது, வலி ஓரளவு ஏறும்வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மறுபடி நடந்து, மொத்தம் அரை மணி முதல் ஒரு மணி நேரம், குறைந்தது 12 வாரம். இதயம் பலவீனமாக இல்லாதவருக்குச் சிலோஸ்டசாலும் உதவும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அதைத் தரவே கூடாது. 2012-இல் வெளியான க்ளெவர் ஆய்வில், இடுப்புக் குழாய் அடைப்பு உள்ளவர்களில் மேற்பார்வையோடு நடந்தவர்கள் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களைவிட ஆறாம் மாதத்தில் நடைக்கருவியில் அதிக நேரம் நடந்தார்கள். இதையெல்லாம் செய்த பிறகும் பிழைப்புக்கு நடக்க வேண்டியவர் நடக்க முடியாமல் தவித்தால், அப்போது ஸ்டென்ட் பற்றிப் பேசுங்கள். தபால்காரருக்கும் கொத்தனாருக்கும் 100 மீட்டர் என்பது வேறு. வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு 100 மீட்டர் என்பது வேறு.

5. விரல் கருத்தவரைக் காக்க வைக்காதீர்கள்.

இரவில் பாதம் எரிந்து தூக்கம் போய், கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே விடியும்வரை இருக்கிறவர், ஆறாத புண் உள்ளவர், விரல் கருத்தவர் ஆகிய மூவருக்கும் நடைப்பயிற்சி சொல்லி அனுப்பினால் அது குற்றம். ரத்தம் பாதத்துக்குப் போயாக வேண்டும். சீழ் இருந்தால் அதை முதலில் திறந்து வடித்துவிட்டு, ஒன்றிரண்டு நாளுக்குள் குழாயைத் திறக்க வழி பாருங்கள். புண்ணின் ஆழம், ரத்தக் குறைவின் அளவு, கிருமித் தொற்று ஆகிய மூன்றையும் தனித்தனியே மதிப்பெண் போட்டு எழுதும் வழக்கம் 2014 முதல் இருக்கிறது, அதைப் பழகுங்கள். திடீரென்று கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்து, விரல் அசையாமல் வருகிறவர் இன்னும் அவசரம். அவருக்கு இருப்பது சுமார் ஆறு மணி நேரம்தான். ஹெப்பாரினைப் போட்டுவிட்டுப் பெரியவர்களுக்கு போன் செய்யுங்கள்.

6. பீடி குடிக்கும் இளைஞனுக்கு ஸ்டென்ட்டை நம்பாதீர்கள்.

முப்பது, நாற்பது வயது ஆண், சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, பீடிக்கட்டு மட்டும் சட்டைப் பையில், விரல் நுனியில் புண். 1908-இல் லியோ பர்கர் விரிவாக எழுதிய நோய் இது; நம் அரசு மருத்துவமனைகளின் வார்டுகளில் எப்போதும் இருக்கும். முழங்காலுக்குக் கீழுள்ள சின்னக் குழாய்களை இந்த அழற்சி அடைக்கும். நீங்கள் விரித்தாலும் ஸ்டென்ட் நிற்பது அரிது. புகையிலையை எல்லா வடிவத்திலும் விட்டால் பெரும்பாலோருக்குக் கால் தப்பும். விடாவிட்டால் எதுவும் காக்காது. இதை அவனிடமும் அவன் மனைவியிடமும் உட்கார்ந்து சொல்வதுதான் அங்கே உங்கள் வேலை.

7. ஒரு காலுக்குள் ஐந்து தேசம் இருக்கிறது.

வயிற்றிலிருந்து பாதம் வரை ஒரே குழாய் என்று நினைக்காதீர்கள். இடுப்புக் குழாய் பெரியது, அதிகம் வளையாது. 8, 10 மில்லிமீட்டர் ஸ்டென்ட் ஏற்கும். இந்தச் சிகிச்சையின் நீடித்த வெற்றி அங்கேதான். அதன் தொடக்கத்தில் பலூனால் விரியும் ஸ்டென்ட் துல்லியமாக உட்காரும். கீழ்ப்பகுதி வளைவதால் அங்கே தானாக விரியும் ஸ்டென்ட் பொருந்தும். இடுப்புக் குழாய் கிழிந்தால் சில நிமிடத்தில் உயிர் போகும். ஆகவே துணி போர்த்திய ஸ்டென்ட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்காமல் அந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

தொடை இடுக்கில் உள்ள பொதுத் தொடைக் குழாயை அறுவை மருத்துவருக்கு விட்டுவிடுங்கள். அங்கே திறந்து கொழுப்புப் படிவைச் சுரண்டி எடுப்பது நன்கு நிலைக்கும். அங்கே வைக்கும் ஸ்டென்ட் இடுப்பு மடியும்போதெல்லாம் நசுங்கும், நாளைக்கு ஊசி போடும் இடத்தையும் அடைத்துவிடும்.

தொடைக் குழாய் நீளமானது. ஒவ்வொரு அடிக்கும் முறுக்கும், நீளும், சுருங்கும், தசையால் நசுங்கும். முழங்காலுக்குப் பின்னே உள்ள குழாய் அதைவிட மோசம். சம்மணம் போட்டு உட்காருகிற, குந்தி உட்காருகிற நம் மக்களுக்கு அங்கே ஸ்டென்ட் வைக்கும் முன் இருமுறை யோசியுங்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள மூன்று குழாய்களும் 3 மில்லிமீட்டர் அளவுதான். அங்கே நீண்டகாலமாகப் பலூன்தான் முதல் கருவி. எவரோலிமஸ் பூசிய, காலப்போக்கில் கரைந்துபோகும் ஒரு ஸ்டென்ட் பலூனைவிட நன்றாகச் செயல்பட்டதாக 2023-இல் லைஃப்-பிடிகே ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் 2024-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. அந்த ஆய்வில் எடுக்கப்பட்டவை பெரும்பாலும் குட்டையான அடைப்புகள் என்பதை மறக்காதீர்கள்.

8. மேல்மடையையும் கடைமடையையும் சேர்த்துப் பாருங்கள்.

வாய்க்காலில் நடுவே மட்டும் தூர் வாரினால் வயலுக்குத் தண்ணீர் போகாது. மேலே இடுப்புக் குழாய் அடைத்திருக்கும்போது தொடையில் ஸ்டென்ட் வைத்தால் வரத்து இல்லாமல் அது உறைந்துவிடும். கீழே பாதத்துக்குப் போகும் ஒரு குழாயாவது திறந்திருக்காவிட்டால் போக்கு இல்லாமல் உறைந்துவிடும். முதலில் வரத்து, பிறகு போக்கு. புண் ஆற வேண்டுமானால் கணுக்கால் வரை ஒரு நேரான வழியாவது கிடைக்க வேண்டும்.

9. பலூனே போதுமா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

ஸ்டென்ட் வைக்க நல்ல காரணங்கள் மூன்று. பலூன் ஊதிய பின்னும் குழாய் பழையபடி சுருங்கிக்கொள்வது, உள்சுவர் கிழிந்து ரத்த ஓட்டத்தை மறிப்பது, 30 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் மிஞ்சுவது. பலூனை அவசரப்படாமல் இரண்டு மூன்று நிமிடம் ஊதி வைத்தால் பல கிழிசல்கள் ஒட்டிக்கொள்ளும். ஸ்டென்ட்டின் பெருமையைக் குறைத்தும் சொல்ல மாட்டேன்: 2006-இல் வியன்னா மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், தொடைக் குழாயில் நிட்டினால் ஸ்டென்ட் வைத்தவர்களில் ஓராண்டில் மறுபடி சுருங்கியது 37 சதவீதம், பலூன் மட்டும் என்று தொடங்கியவர்களில் 63 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்று மறுபக்கத்தைக் காட்டியது: தொடையில் ஸ்டென்ட் வைத்த கால்களில் 37 சதவீதத்தில் உலோகம் ஒடிந்திருந்தது, நீளமாக, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தவற்றில் ஒடிவது அதிகம். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் வளைந்தாலும் பழைய வடிவுக்குத் திரும்பும். ஆனாலும் உலோகம் உலோகம்தான். பின்னல் வேலை ஸ்டென்ட்கள் வந்த பிறகு ஒடிவது குறைந்திருக்கிறது. அடைத்த ஸ்டென்ட்டுக்குள் மறுபடி வழி செய்வது வெறும் குழாயில் செய்வதைவிடக் கடினம் என்பது மட்டும் மாறவில்லை.

10. மருந்து பூசியதைப் பற்றி வரும் ஆய்வுகளைப் பொறுமையாகப் படியுங்கள்.

குழாய்ச் சுவரின் தசை உயிரணுக்கள் உள்ளே வளர்ந்து ஸ்டென்ட்டை அடைப்பதைத் தடுக்கப் பாக்லிடாக்ஸெல் பூசிய பலூனும் ஸ்டென்ட்டும் வந்தன. நன்றாகவே வேலை செய்தன. 2018 டிசம்பரில் வெளியான ஒரு கூட்டாய்வு, இவற்றைப் பயன்படுத்தியவர்களில் சில ஆண்டுக்குப் பின் மரணம் அதிகம் என்றது. 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது. பலர் ஒரேயடியாக நிறுத்தினார்கள். கூடுதல் தரவுகளைப் பார்த்த அதே துறை, மரணம் கூடுவதாகத் தெரியவில்லை என்று 2023-இல் சொன்னது. ஒரு கட்டுரையைப் பார்த்துத் தூக்கிக் கொண்டாடவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம்.

11. பைபாஸ் செய்பவரைப் பங்காளியாக நினைக்காதீர்கள்.

2022-இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில் 1,830 பேர். தொடையின் நல்ல சிரை கையிருப்பில் உள்ளவர்களுக்குப் பைபாஸ் மேலானதாக இருந்தது: பெரிய கால் சிக்கலோ மரணமோ நேர்ந்தது பைபாஸ் செய்துகொண்டவர்களில் 42.6 சதவீதம் பேருக்கு. பலூன், ஸ்டென்ட் போன்ற உள்குழாய் சிகிச்சை பெற்றவர்களில் 57.4 சதவீதம் பேருக்கு. அடுத்த ஆண்டு பேசில்-2 ஆய்வு, முழங்காலுக்குக் கீழும் வேலை தேவைப்படும் 345 பேரில் உள்குழாய் சிகிச்சையை முதலில் செய்வதே நல்லது என்றது. இரண்டும் சேர்ந்து சொல்வது, ஆளைப் பார்த்து முடிவெடு என்பதுதான். நல்ல சிரை, தாங்கும் இதயம், நீண்ட அடைப்பு என்றால் அறுவை மருத்துவரை அழையுங்கள். சிரையை டாப்ளரில் அளந்து குறித்து வையுங்கள். கால் சிரையில் ட்ரிப் ஊசி குத்தி அதைக் கெடுக்காதீர்கள் என்று வார்டுக்கும் சொல்லுங்கள்.

12. ஊசி குத்தும் இடத்தில்தான் உயிர் இருக்கிறது.

தொடை எலும்பின் தலைக்கு மேல் வரும் இடத்தில், அல்ட்ராசவுண்டில் பார்த்துக் குத்துங்கள். அங்கேதான் பின்னாலிருந்து எலும்பு தாங்க, கையால் அழுத்தி ரத்தத்தை நிறுத்த முடியும். மேலே போனால் ரத்தம் வயிற்றின் பின்புறம் சேரும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. கீழே போனால் ரத்தக் கட்டிப் பை உருவாகும். வார்டுக்குத் திரும்பியவர் “இடுப்பு வலிக்குது, வேர்க்குது” என்றால் வலி மாத்திரை எழுதாதீர்கள். நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பாருங்கள்.

13. காலைக் காத்து சிறுநீரகத்தைக் கெடுக்காதீர்கள்.

க்ரியேட்டினின் பார்க்காமல் டை ஏற்றாதீர்கள். முன்னும் பின்னும் உடலில் நீர் இருக்கட்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு இடுப்புக்குக் கீழே கரியமில வாயுவைச் செலுத்திப் படம் எடுக்கலாம். டையை மிகக் குறைத்துவிடலாம். ஈய உடையையும் கழுத்துப் பட்டையையும் நீங்களும் மறக்காதீர்கள்.

14. பணத்தை முன்கூட்டியே பேசுங்கள்.

2017 பிப்ரவரியில் இந்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது இதய ஸ்டென்ட்களுக்கு. கால் ஸ்டென்ட்கள் அந்த ஆணைக்குள் வரவில்லை. இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. இதயத்துக்குக் கேட்ட விலையையே நினைத்துக்கொண்டு வருவார்கள். காப்பீடு எவ்வளவு தாங்கும், ஒரு ஸ்டென்ட் போதாமல் போனால் என்ன ஆகும் என்று சிகிச்சைக்கு முன்பே சொல்லுங்கள். நோயாளியை மேசையில் படுக்க வைத்துவிட்டு, வெளியே நிற்கும் மகனிடம் “இன்னொன்று வைக்கணும், கையெழுத்துப் போடுங்க” என்று கேட்பது சம்மதம் ஆகாது.

15. ஸ்டென்ட் வைத்த நாள் சிகிச்சையின் முதல் நாள்.

“ஸ்டென்ட் வெச்சாச்சு, இனி மாத்திரை எதுக்கு?” என்று கேட்பவருக்குப் பதில் தயாராக இருக்கட்டும். முதல் சில மாதம் இரண்டு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள், பிறகு ஒன்று ஆயுள் முழுவதும் என்பது பொதுவான வழக்கம். ஆஸ்பிரினோடு 2.5 மில்லிகிராம் ரிவராக்ஸபானை இருவேளை தருவது கால் சிக்கல்களைக் குறைப்பதாக 2020-இல் வெளியான வாயேஜர் ஆய்வு காட்டியது. ரத்தக் கசிவு சற்றுக் கூடும் என்பதால் ஆள் பார்த்துக் கொடுங்கள். ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று டாப்ளர் பாருங்கள். தொடையில் மறுசுருக்கம் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே வரும். முழுதாக அடைக்கும் முன் கண்டுபிடித்தால் வேலை எளிது.

வீட்டுக்குப் போகும்போது பாதத்துக்கும் பாடம் சொல்லி அனுப்புங்கள். உணர்ச்சி மரத்த பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது. ஆணியை பிளேடால் சீவக் கூடாது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலில் சுற்றக் கூடாது. தினமும் இரவில் பாதத்தின் அடியை வீட்டில் யாராவது பார்க்க வேண்டும். காலில் திடீரென்று வலியோ சில்லிப்போ வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை ஸ்டென்ட் உறையைப் பிரிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இவருக்கு இந்தக் கால் எதற்காக வேண்டும்? ஸ்டென்ட் இல்லாமல் முடியுமா? இரண்டு ஆண்டு கழித்து இது அடைத்தால் எனக்கு அடுத்த வழி இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் கையில் இருந்தால் தயங்காமல் வையுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் உறையைப் பிரிக்காமல் உங்கள் சீனியரிடம் போய்ப் பேசுங்கள்.